பட்டை முடிகிற இடம்

மூட்டைகளை நகர்த்தும் கன்வேயர் பட்டையைப் பற்றிப் பேச இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் களம் சிமென்ட் ஆலையின் பேக்கிங் பிளான்ட். அரியலூர், டால்மியாபுரம், சங்கர் நகர் என்று சுண்ணாம்புக்கல்லை நம்பி வளர்ந்த ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் சிமென்ட்டில் பெரும்பகுதி இன்றும் 50 கிலோ மூட்டையாகத்தான் வெளியேறுகிறது. சேமிப்புக் கோபுரமான சைலோவிலிருந்து இறங்கும் சிமென்ட்டை மூட்டையில் நிரப்புவது இயந்திரம். அந்த மூட்டையைத் தட்டையாக்குவதும், எடை சரிபார்ப்பதும், லாரி வரை கொண்டுவருவதும் இயந்திரம். லாரியின் விளிம்பை எட்டியவுடன் மூட்டை மனிதனின் தோளுக்கு மாறுகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: கன்வேயர் அமைப்பு எங்கே முடிய வேண்டும் என்பதை நாம் தவறாக முடிவுசெய்திருக்கிறோம். அது லாரிக்குள் இருக்கும் அடுக்கில் முடிய வேண்டும். பட்டை போகவே முடியாத இடங்களுக்கு 50 கிலோ மூட்டை போகக் கூடாது. இவை இரண்டும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள்.

முதலில் மூட்டையின் குணத்தைப் பார்ப்போம். கன்வேயர் பட்டையின் நவீன வரலாறு மூட்டையில் தொடங்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில், தாமஸ் எடிசனின் இரும்புத்தாது ஆலைக்காக தாமஸ் ராபின்ஸ் என்ற இளைஞர் பட்டையைச் செம்மைப்படுத்தினார். ரப்பர் பூச்சைத் தடிப்பாக்கினார். பட்டையைத் தொட்டிபோல் குழித்துத் தாங்கும் உருளைகளை அமைத்தார். தாதுவுக்கும் நிலக்கரிக்கும் அது மிகப் பொருத்தம், ஏனென்றால் அவை தம்மைத் தாமே குழியில் அமர்த்திக்கொள்ளும். மூட்டை அப்படிச் செய்யாது. நிரப்பும்போது சிமென்ட்டில் காற்றைக் கலந்து அதைத் திரவம்போல் ஓடவைக்கிறார்கள். அதனால் நிரப்பும் குழாயான ஸ்பவுட்டிலிருந்து விழும் மூட்டை உப்பலாக, வயிறு பருத்து வருகிறது. அந்த நிலையில் சாய்வுப் பட்டையில் ஏற்றினால் உருளும். அதனால்தான் மேலும் கீழும் இரண்டு பட்டைகளுக்கு இடையே அழுத்தி, காற்றை வெளியேற்றித் தட்டையாக்கும் பகுதி வைக்கப்படுகிறது. பட்டையின் கீழே உருளைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். எந்தக் கணத்திலும் மூன்று உருளைகளாவது ஒரு மூட்டையைத் தாங்கினால்தான் அது தொய்ந்து குதிக்காமல் போகும். 70 சென்டிமீட்டர் நீள மூட்டைக்கு உருளைகளின் இடைவெளி 23 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இதிலிருந்து கணக்கு வருகிறது. மழமழப்பான பட்டையில் ஏற்றம் சுமார் 20 பாகையைத் தாண்டினால், இன்று எங்கும் புழங்கும் பின்னல் பிளாஸ்டிக் மூட்டை பின்னால் நழுவத் தொடங்கும். சொரசொரப்பான பட்டை போட வேண்டும், அல்லது ஏற்றத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்ட வேண்டும். ஆறு மீட்டர் உயரத்துக்கு 18 பாகையில் ஏற்றினால் தரையில் 18 மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். ஒரு மூட்டை கிழியாமல் போய்ச் சேர இவ்வளவு யோசனை செலவழிக்கிறோம். அந்தப் பட்டையின் முனையில் நிற்பவரின் முதுகெலும்புக்கு இதில் கால் பங்கு யோசனைகூடச் செலவாவதில்லை.

இதன் விளைவை எண்களாகப் பார்ப்போம். நம் ஆலைகளில் பரவலாக இருக்கும் எட்டு ஸ்பவுட் சுழல் பேக்கர் என்ற நிரப்பும் இயந்திரம் மணிக்கு 120 டன் நிரப்பும் திறன் கொண்டது. அதாவது மணிக்கு 2,400 மூட்டைகள், ஒன்றரை நொடிக்கு ஒன்று. நொடிக்கு 1.2 மீட்டர் ஓடும் பட்டையில் ஒரு மூட்டையின் தலைக்கும் அடுத்ததன் தலைக்கும் இடையே 1.8 மீட்டர் கிடைக்கும். எந்தச் சிக்கலும் இல்லை. பட்டையின் முனையில் ஆறு பேர் மாறி மாறி மூட்டையை வாங்கி அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒன்பது நொடிக்கு ஒரு மூட்டை வரும். ஒரு மணி நேரத்தில் 400 மூட்டைகள், அதாவது 20 டன், ஒரு மனிதர் வழியாகப் போக வேண்டும். இதை ஒருவர் சில நிமிடங்கள் செய்யலாம். ஒரு ஷிப்ட் முழுவதும் யாராலும் முடியாது. ஆகவே நடைமுறையில் பட்டை நிற்கிறது, பேக்கர் காத்திருக்கிறது, மேலாளர் எழுதிவைத்த 120 டன் காகிதத்திலேயே இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்த ஒரு வரிசையின் வேகத்தைக் கடைசி மூன்று மீட்டர்தான் தீர்மானிக்கிறது. தொழிலாளர் நலத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து, உற்பத்திக் கணக்கை மட்டும் பார்ப்பவரும் இதைப் பொருட்படுத்தியாக வேண்டும்.

ஆனால் நலத்தை ஒதுக்கிவைக்க எனக்கு மனமில்லை. ஒரு மனிதர் எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு ஓரளவு நம்பகமான கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1981இல் வகுத்து 1991இல் திருத்திய தூக்குதல் சமன்பாடு அது. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் அதன் உச்சவரம்பு 23 கிலோ. சாதகமான சூழல் என்பது என்ன? சுமை உடலை ஒட்டி, கணுக்காலுக்கு முன்னே 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கைகள் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ இடுப்பு மட்டத்தில் பிடிக்க வேண்டும். உடலைத் திருகக் கூடாது. எப்போதாவதுதான் தூக்க வேண்டும். ஒவ்வொரு சலுகையும் போகப்போக எண் சுருங்கும். சுமை 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு வரும். தரையிலிருந்து குனிந்து எடுத்தால் 17.8 கிலோ. 90 பாகை திரும்பி வைத்தால் இன்னும் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும். லாரித் தளத்தில் நிற்பவருக்கு இந்தப் பாதகங்கள் அனைத்தும் ஒன்றாகச் சேர்கின்றன: மூட்டை அகலமானது, பிடி கிடையாது, கால் வைக்கும் இடம் பிற மூட்டைகளின் மேல், கீழ் வரிசைக்குக் குனிய வேண்டும், மேல் வரிசைக்குத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும், ஒவ்வொரு முறையும் உடலைத் திருப்ப வேண்டும். அங்கே 50 கிலோ என்பது அறிவியல் தரும் வரம்பைப்போல் இரண்டு மடங்கு என்று சொல்வதே குறைத்துச் சொல்வதாகும்.

சட்டம் அனுமதிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் அதிகபட்ச எடை பற்றிய 127ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதோடு வந்த 128ஆம் பரிந்துரை வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்று எல்லை போட்டது. 2025 வரை நடப்பிலிருந்த நம் தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 34ஆம் பிரிவு காயம் விளைவிக்கக்கூடிய எடையை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. எண்ணை வரையறுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடம் விட்டிருந்தது. 50 என்பது 55க்குக் கீழே இருக்கிறது, ஆகவே நியாயம் என்பது வாதம். இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டு. 55 கிலோ என்ற எண் தூக்குதல் சமன்பாட்டுக்குப் பதினான்கு ஆண்டு முந்தையது. அதற்கும் மேலான எடைகள் வழக்கத்தில் இருந்த நாடுகளை விரைவாகக் கீழே கொண்டுவரத்தான் அந்தப் பரிந்துரை எழுதப்பட்டது. இரண்டாவது, 34ஆம் பிரிவின் மையம் எண்ணில் இருக்கவில்லை, காயத்தில் இருந்தது. ஒருமுறை தூக்கினால் காயமில்லாத சுமை, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை தூக்கும்போது காயமாகிறது. எண்ணுக்குக் கீழே இருக்கிறோம் என்ற ஆறுதல் அந்தக் காயத்துக்குப் பதிலாகாது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் வலுவானது: சிமென்ட் மூட்டை என்றால் 50 கிலோ, அது கட்டுமானத்தின் அடிப்படை அளவு, அதில் கைவைத்தால் கலவைக் கணக்கே குலையும். ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். அதையொட்டித்தான் ஒன்றேகால் கன அடிப் பெட்டி செய்து மணலையும் ஜல்லியையும் அளக்கிறார்கள். கொத்தனாரும் மேஸ்திரியும் மூட்டைக் கணக்கில்தான் சிந்திக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் 25 கிலோ மூட்டை இரண்டைப் பிரித்துக் கொட்டினால் அதே கணக்குதான், பெட்டியை மாற்றத் தேவையே இல்லை. 40 கிலோ என்று வைத்தால்தான் குழப்பம் வரும். ஆகவே சரிபாதியையே நான் வலியுறுத்துகிறேன். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சிமென்ட் தரக்குறியீடுகளும் 25 கிலோ மூட்டையை அனுமதிக்கின்றன. தடை சட்டத்தில் இல்லை. மூட்டையின் எடை மாறவே மாறாது என்பதற்கு நம் கண்முன் நடந்த வரலாறு எதிர்ச்சாட்சி சொல்கிறது. சர்க்கரை ஒருகாலத்தில் 100 கிலோ மூட்டையில் வந்தது, இன்று 50. யூரியா 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. விவசாயி ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற பழக்கத்தில் போடுவதால், மூட்டையைச் சிறிதாக்கினால் உரப் பயன்பாடு குறையும் என்பது அரசின் எண்ணம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசிப் பைக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, சில வாரங்களுக்குள் தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்து நின்றது. ஆலைக்காரர்கள் பை அச்சை மாற்றினார்கள், எடை இயந்திரத்தை மாற்றி அமைத்தார்கள், கடைக்காரர் விலைப்பட்டியலை மாற்றினார், வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டார். உரச் சிக்கனத்துக்காக மூட்டை மாறியது, வரிக்காக மாறியது. தூக்குகிறவரின் முதுகுக்காகவும் அது மாறலாம். பிரிட்டனில் 1992இல் கையால் சுமை தூக்குவது பற்றிய விதிகள் வந்தன. ஒருகாலத்தில் 50 கிலோவாக இருந்த அந்நாட்டுச் சிமென்ட் மூட்டை இன்று 25 கிலோ. அங்கே வீடுகள் கட்டுவது நின்றுவிடவில்லை. நம் சிமென்ட் கடைகளிலேயே டைல்ஸ் ஒட்டும் பசை 20 கிலோ பையிலும், சுவர்ப் புட்டி 20, 40 கிலோ பைகளிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன; சிறு பையைக் கையாள அந்தக் கடைகளுக்குத் தெரியும்.

செலவு பற்றிப் பேசாமல் ஆலைக்காரர்களை நகர்த்த முடியாது. டன்னுக்கு 20 பைகள் இருந்த இடத்தில் 40 வேண்டும். ஆனால் துணி இரட்டிப்பாகாது: ஒரே வடிவத்தில் கொள்ளளவைப் பாதியாக்கினால் ஒவ்வொரு பையின் பரப்பும் ஏறத்தாழ 63 சதவீதம் ஆகும், இரண்டுக்குமாகச் சேர்த்து 126. கால் பங்கு கூடுதல் துணி, இரண்டு மடங்கு தையலும் வால்வும் என்று கணக்கிடுங்கள். இதைவிடக் கடினமான பிரச்சினை பட்டையில் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மணிக்கு 240 டன் ஓடும் பதினாறு ஸ்பவுட் பேக்கர் அதே டன் அளவை 25 கிலோவில் தர வேண்டுமென்றால் மணிக்கு 9,600 மூட்டைகள், 0.375 நொடிக்கு ஒன்று. 1.2 மீட்டர் வேகப் பட்டையில் அடுத்தடுத்த மூட்டைகளின் தலைகளுக்கு இடையே 45 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். மூட்டையின் நீளமே அதைவிட அதிகம் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பேக்கரும் அந்த எண்ணிக்கையைத் தராது. மூட்டையை மாட்டுவதற்கும் விடுவிப்பதற்கும் ஆகும் நேரம் எடையோடு குறையாதது. ஆகவே இருக்கிற வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு எடையை மட்டும் பாதியாக்கினால் உற்பத்தி கணிசமாக விழும். இதிலிருந்து நான் பெறும் முடிவு, மாற்றம் வேண்டாம் என்பதல்ல. மாற்றத்தை அமைப்பு வரையப்படும்போதே செய்ய வேண்டும் என்பது. பேக்கருக்குப் பின்னே வரிசையை இரண்டாகப் பிரிக்கும் திருப்பி, அகலம் குறைந்த இரண்டு பட்டைகள், உருளைகளின் இடைவெளியை 18 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைப்பது ஆகியவை புதிய ஆலையின் வரைபடத்தில் சிறு செலவு, பழைய ஆலையில் பெருஞ்செலவு.

மூட்டை பாதியானால் தூக்கும் தடவை இரண்டு மடங்காகுமே, மொத்த எடை அதேதானே என்பது தொழிற்சங்கத் தரப்பிலிருந்தும் எழக்கூடிய கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. அந்தத் தூக்குதல் சமன்பாடே அடிக்கடி தூக்குவதற்கு வரம்பைக் குறைக்கிறது. ஆயினும் முதுகெலும்பின் வட்டுகள் மொத்தத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தூக்குதலின் உச்ச அழுத்தமும் தனியாக வேலை செய்கிறது. கீழ்முதுகில் 3,400 நியூட்டனுக்கு மேற்பட்ட அழுத்தம் ஆபத்தைக் கூட்டும் என்பதையும் கணக்கில் கொண்டுதான் 23 கிலோ வந்தது. உச்சத்தைக் குறைப்பது எடை. தடவையைக் குறைப்பது பட்டை. அதனால்தான் இரண்டையும் பிரிக்காமல் கேட்கிறேன். பட்டையின் முனை லாரிக்குள் நீண்டு, அடுக்கு உயர உயரத் தானும் உயர்ந்து, மூட்டையை எப்போதும் இடுப்பு மட்டத்தில் அடுக்கின் மேலேயே தள்ளிவிட்டால், நிற்பவர் தூக்க வேண்டியதில்லை, நேர்ப்படுத்தினால் போதும். உள்ளே நீண்டு ஏறியிறங்கும் இத்தகைய ஏற்று இயந்திரங்கள் சந்தையில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஆள் தொடாமலே லாரியில் அடுக்கிவிடும் தானியங்கிகளும் உள்ளன. ஜெர்மனியின் பொய்மர் நிறுவனத்தின் ஆட்டோபேக் அவற்றில் ஒன்று. கூலிக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏற்றுகூலி மூட்டைக்கு இவ்வளவு என்று இருக்கும் இடத்தில் மூட்டையைப் பாதியாக்கிக் கூலியையும் பாதியாக்கினால் அது நலத்திட்டத்தின் பெயரால் நடக்கும் சுரண்டல். கூலி டன்னுக்கு என்று மாற வேண்டும். கூடும் தடவைகளுக்கு ஈடாக அது உயரவும் வேண்டும்.

வேலை போகுமே என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகாராஷ்டிரத்தில் 1969இல் மாத்தாடி எனப்படும் சுமைத் தொழிலாளருக்கான சட்டமும், தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் வந்ததற்கு நீண்ட போராட்டங்கள் பின்னணி. சுமை தூக்குகிறவருக்குப் பெயரும் பதிவும் நலவாரியமும் அவற்றால்தான் கிடைத்தன. இயந்திரம் வந்தால் ஆட்கள் குறைவார்கள். குறையமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இன்றைய நிலையில் அந்த வேலை ஒருவருக்கு எத்தனை ஆண்டுகள் நிலைக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். உடல் தளர்ந்தவுடன் கைவிடும் வேலை அது. கைவிடப்பட்டவருக்கு வேறு தொழிலும் தெரியாது. அடுக்கை நேர்ப்படுத்தும், ஏற்று இயந்திரத்தை ஓட்டும், உருளை மாற்றும் வேலைகளுக்கு முதல் உரிமை அங்கேயே சுமை தூக்கியவர்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுத முடியும். பட்டை நிற்காமல் ஓடுவதால் ஆலைக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு, டன்னுக்கு இவ்வளவு என்று நலவாரியத்துக்குப் போக வேண்டும் என்றும் எழுத முடியும். இதை எழுதாமல் தானியங்கியை நிறுவும் ஆலையை எதிர்ப்பதில் நானும் தொழிற்சங்கத்தோடு நிற்பேன்.

முழுத் தானியங்கி ஒன்றை வாங்கிவிட்டால் மூட்டையின் எடை பற்றிய பேச்சே தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஆலையின் கேட்டோடு பார்வையை நிறுத்திக்கொள்கிறார்கள். ரயில் வேகனின் பக்கவாட்டுக் கதவு வழியே பெரிய தானியங்கி எளிதில் நுழையாது. மூடிய வேகனுக்குள் வெக்கையும் தூசியும் அடைந்து நிற்க, ரயில்வே தந்த இலவச நேரம் தீர்வதற்குள், தாமதக் கட்டணம் விழுவதற்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அங்கே இரவுகளில் வேலை நடக்கிறது. வேகன் போய்ச்சேரும் கூட்ஸ் ஷெட்டில் பட்டை இல்லை. மாவட்டத் தலைநகரின் கிட்டங்கியில் இல்லை. சிற்றூரின் சிமென்ட் கடையில் இல்லை, மாடிப்படி வழியே மூட்டை ஏறும் கட்டடத்தில் இல்லவே இல்லை. ஒரு மூட்டை வாழ்நாளில் ஐந்தாறு முறை கைமாறுகிறது என்று கொண்டால், ஆலைக்குள் நாம் செய்யும் சீர்திருத்தம் அதில் ஒன்றை மட்டும் தொடுகிறது. மற்றவற்றைத் தொடக்கூடியது எடை ஒன்றுதான். அமெரிக்காவில் சிமென்ட்டின் பெரும்பகுதி மூட்டையில்லாமல் டாங்கர்களில் போகிறது, நாமும் அதற்கு மாறலாமே என்பார்கள். பெருநகரக் கட்டுமானங்களில் அது வளர்ந்தும் வருகிறது. வீடு கட்டுகிறவர் பணம் கைக்கு வரும்போதெல்லாம் பத்து மூட்டை, இருபது மூட்டை என்று வாங்கும் நாட்டில் மூட்டை இன்னும் நெடுங்காலம் இருக்கும்.

பட்டையே ஆபத்தானதுதானே என்ற எச்சரிக்கையும் நியாயம். பட்டையும் உருளையும் சந்திக்கும் இடுக்கில் கை போனால் திரும்பி வருவது அரிது. இயங்கும் பாகங்களுக்கு வேலி போடச் சொன்ன தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு பல பத்தாண்டுகள் இருந்தும், சிந்திய சிமென்ட்டைப் பட்டை ஓடும்போதே கூட்டி எடுக்கும் பழக்கம் போகவில்லை. பட்டையை லாரிக்குள் நீட்டினால் இந்த ஆபத்தும் உள்ளே வரும். ஆகவே முனையின் இருபுறமும் எட்டும் தூரத்தில் இழுத்தால் நிற்கும் கயிறு வேண்டும், ஆள் இருப்பதை உணர்ந்து தானே நிற்கும் அமைப்பும் வேண்டும். கிழிந்த மூட்டைகள் குறைந்தால் கூட்டி எடுக்கும் தேவையே குறையும், தூசியும் குறையும். சிமென்ட் தோலை அரிப்பது. அதில் உள்ள, நீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் ஒவ்வாமைப் புண்களை உண்டாக்குவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதற்குப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று வரம்பு வைத்திருக்கிறது. மூட்டையைத் தலையில் வாங்கும்போது வியர்வையில் குழைந்து கழுத்தில் இறங்கும் சிமென்ட்டுக்கு நம்மிடம் சும்மாட்டைத் தவிர வேறு தடுப்பு இல்லை.

ஆகவே புதிய பேக்கிங் பிளான்ட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிறவர்களிடம் என் கோரிக்கை குறிப்பானது. ‘மணிக்கு இத்தனை டன், லாரி ஏற்றும் மேடை வரை’ என்று இன்று எழுதும் வரியை, ‘லாரியின் கடைசி அடுக்கு வரை’ என்று மாற்றி எழுதுங்கள். வந்து நிற்கும் லாரிகளின் தள உயரமும் பாடி அகலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. உங்கள் கேட்டிலேயே ஒரு மாதம் அளந்து, அந்த வீச்சு முழுவதற்கும் முனை ஏறியிறங்கி நீள வேண்டும் என்று எழுதுங்கள். மூட்டை கைக்கு வரும் உயரம் நிற்பவரின் பாதத்திலிருந்து 75 சென்டிமீட்டருக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதையும், வரிசையில் ஒரு பேக்கராவது 25 கிலோவுக்கும் அதற்குரிய உருளை இடைவெளிக்கும் முதல் நாளிலிருந்தே தயாராக இருக்க வேண்டும் என்பதையும் விலை கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள். விலை முடிந்த பிறகு சேர்த்தால் அது ‘கூடுதல் வேலை’ என்ற தலைப்பில் வந்து, முதல் செலவுக் குறைப்பிலேயே வெட்டுப்படும்.